காரில் கூடுதல் மீட்டர்களுக்கு வயரிங் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆயில் அழுத்தம், கூலன்ட் வெப்பநிலை, பேட்டரி வோல்டேஜ் ஆகியவற்றைக் காட்டும் தனி மீட்டர்களைப் பொருத்துபவர்கள் பலர், முள் அசையத் தொடங்கியதும் வேலை முடிந்ததாக எண்ணிவிடுகிறார்கள். இயங்காத மீட்டரை உடனே கண்டுபிடித்துவிடலாம். இயங்கிக்கொண்டே பொய்யான அளவைக் காட்டும் மீட்டரை நம்பி ஓட்டும்போதுதான் இன்ஜின் பழுதாகிறது.

அந்தப் பொய்க்கு நான் முதலில் சந்தேகிப்பது எர்த் இணைப்பை, அதாவது மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்குத் திரும்பும் வழியை. பெயின்ட் பூசிய தகட்டில் திருகு போட்டு எர்த் கொடுப்பதும், ஹெட்லைட் அல்லது புளோயர் மோட்டாரின் எர்த் வயரிலேயே மீட்டரின் எர்த்தையும் சேர்ப்பதும் பரவலாகக் காணப்படும் தவறுகள். பெரிய மின்னோட்டம் பாயும் வயரில் சிறிதளவு வோல்டேஜ் இழப்பு இருக்கவே செய்யும் என்பதால், அதையே எர்த்தாகக் கொண்ட மீட்டர், ஹெட்லைட் எரியும்போது ஓர் அளவையும் அணையும்போது வேறோர் அளவையும் காட்டும். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் ஒழுங்காக 14 வோல்ட் கொடுத்துக்கொண்டிருக்க, வோல்ட் மீட்டரில் 13.4 என்று பார்த்துவிட்டு நல்ல ஆல்டர்னேட்டரைக் கழற்றும் நிலை இப்படித்தான் வருகிறது. இன்ஜினை ஓடவிட்டு, விளக்குகளையும் எரியவிட்டு, மீட்டரின் எர்த் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே மல்டிமீட்டரால் அளந்தால், 0.1 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது.

இன்ஜினில் திருகப்பட்டு மீட்டருக்கு அளவை அனுப்பும் சென்சார்களில், ஒற்றை முனை கொண்டவை தம் மரையின் வழியாகவே இன்ஜினில் எர்த் பெறுகின்றன. கசிவுக்கு அஞ்சி அந்த மரையில் டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்றினால், சென்சாரின் மின்தடையோடு அந்த இணைப்பின் மின்தடையும் சேர்ந்துகொள்ளும். வெப்பநிலை சென்சார்கள் பெரும்பாலும் சூடு ஏறும்போது மின்தடை குறையும் வகையைச் சேர்ந்தவை. ஆகவே மின்தடை கூடினால், கொதிக்கும் இன்ஜினையும் மீட்டர் குளிர்ந்ததாகவே காட்டும். எனக்குத் தெரிந்து இதைவிட ஆபத்தான வயரிங் தவறு குறைவு.

சென்சாரும் மீட்டரும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். எரிபொருள் மீட்டர்களில், டேங்க் காலியாக இருக்கையில் 240 ஓம், நிறைந்திருக்கையில் 33 ஓம் என்பது ஒரு வகை. 10 ஓமில் தொடங்கி 180 ஓமில் நிறைவது இன்னொரு வகை. இரண்டையும் கலந்தால் முள் தலைகீழாக நகரும். கார் தயாரிப்பாளர் பொருத்திய சென்சாரிலிருந்தே கூடுதல் மீட்டருக்கும் வயர் இழுப்பது தவறு, ஏனெனில் இரு சுற்றுகளும் ஒன்றையொன்று பாதித்து, இன்ஜின் கன்ட்ரோல் யூனிட்டுக்கும் தவறான தகவல் போகும். பழையதை அதன் இடத்திலேயே விட்டு, டி வடிவ அடாப்டரில் புதிய சென்சாரைத் தனியாகப் பொருத்துவதே முறை.

ஃபியூஸ் பாதுகாப்பது முதன்மையாக வயரைத்தான். மீட்டருக்கு அருகில் ஃபியூஸை வைத்தால், மின்சாரம் எடுக்கும் இடத்திலிருந்து அதுவரையுள்ள நீளம் பாதுகாப்பின்றிக் கிடக்கும். அது எங்காவது தகட்டில் உரசினால் வயரே தீப்பிடிக்கும். எனவே மின்சாரம் எடுக்கும் இடத்துக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். இன்ஜின் அறையிலிருந்து உள்ளே வரும் வயரை ரப்பர் குரோமெட் (வயர் உரசாமல் காக்கும் வளையம்) இல்லாத துளை வழியே இழுப்பதும் அதே விபத்துக்கு வழி வகுக்கும்.

மின்சாரத்தை இக்னிஷன் சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர்பெறும் வயரிலிருந்து எடுக்க வேண்டும். எப்போதும் மின்சாரம் உள்ள வயரில் கொடுத்தால், நிறுத்தி வைத்த காரின் பேட்டரி மெல்ல இறங்கிவிடும். அந்த வயரைத் தேட பல்பு வைத்த டெஸ்ட் லாம்ப் வேண்டாம், ஏனெனில் பல்பு இழுக்கும் மின்னோட்டம் எலக்ட்ரானிக் யூனிட்களைக் கெடுக்கக்கூடும், மல்டிமீட்டரே போதும். மஞ்சள் உறையிட்ட ஏர்பேக் வயர்களையும், ஒன்றோடொன்று முறுக்கப்பட்ட தகவல் வயர்களையும் எக்காரணத்துக்காகவும் தொடக் கூடாது. அந்த வயரைக் கண்டறிந்த பின், இணைக்கும் வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

வோல்ட் மீட்டர் இருக்கையில் மின்னோட்டத்தை அளக்கும் பழைய பாணி அம்மீட்டர் தேவையற்றது. அதற்காக, காரின் சார்ஜிங் மின்னோட்டம் முழுவதையும் டேஷ்போர்டுக்குள் கொண்டுவர வேண்டியிருக்கும்.

டேஷ்போர்டை மூடும் முன், இன்ஜின் முழுச் சூடு ஏறும்வரை ஓடவிட்டு, காரின் கணினியிலுள்ள அளவுகளைப் படித்துக் காட்டும் ஓபிடி ஸ்கேனரில் வரும் கூலன்ட் வெப்பநிலையோடு புதிய மீட்டரை ஒப்பிட வேண்டும். சென்சார்கள் வெவ்வேறு இடங்களில் இருப்பதால் சில டிகிரி வேறுபாடு இயல்பு; ஹெட்லைட்டைப் போட்டதும் அந்த வேறுபாடு மாறினால், மறுபடியும் எர்த் இணைப்பிலிருந்தே சோதனையைத் தொடங்க வேண்டும்.