எண்ணெய் ஃபர்னஸ்: சிவப்புப் பொத்தானைத் தொடும் முன்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ், மெய்ன் பக்கம் பழைய வீட்டுக்குக் குடிபோனால், பேஸ்மென்ட்டில் எண்ணெயை எரித்து வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும் பெரிய இரும்பு டேங்கும் இருக்க வாய்ப்புண்டு. டேங்க் பெரும்பாலும் 275 கேலன். உள்ளே இருப்பது சிவப்புச் சாயம் கலந்த எண்ணெய். கிட்டத்தட்ட டீசல்தான், சாலை வரி கட்டாத எண்ணெய் என்று அடையாளம் காட்டவே அந்தச் சிவப்பு.

அறையின் வெப்பத்தைக் கவனிக்கும் தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும், எண்ணெயை எரிக்கும் பகுதியான பர்னரின் மோட்டார் ஓடத் தொடங்கும். பம்ப் எண்ணெயை 100 பிஎஸ்ஐ அல்லது அதற்கும் மேலான அழுத்தத்தில் நாசிலுக்குள் தள்ளும். ஊசிமுனைத் துளை வழியே எண்ணெய் பனிபோலச் சிதறும். 10,000 வோல்ட் அளவிலான மின்பொறி அதைப் பற்றவைக்கும். தீ சூடாக்கிய உலோகச் சுவரின் மறுபக்கம் ஓடும் காற்றுதான் அறைகளுக்கு வருகிறது. புகை தனியாகப் புகைபோக்கிக்குப் போய்விடும். அந்தச் சுவர் விரிசல் விட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரலாம். அதனால் முதல் வேலையாகத் தூங்கும் அறைகளுக்கு வெளியே அதற்கான அலாரம் மாட்டுங்கள்.

பர்னருக்குள் ஒளியை உணரும் சிறு கண் ஒன்று உண்டு. சில நொடிகளில் தீ தெரியாவிட்டால் எல்லாம் நின்றுவிடும்.

சரி, குளிர்கால இரவில் நின்றே விட்டது. முதலில் மாடிப்படி அருகே உள்ள சிவப்பு சுவிட்சைப் பாருங்கள். விளக்கு என்று நினைத்து யாராவது அணைத்திருப்பார்கள். அடுத்து பிரேக்கர், தெர்மோஸ்டாட், டேங்கின் மேல் எண்ணெய் மட்டம் காட்டும் மிதவை அளவி. எல்லாம் சரியென்றால் பர்னரின் சிவப்பு ரீசெட் பொத்தானை ஒரே ஒரு முறை அழுத்துங்கள். பற்றவில்லையா, கையை எடுத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். தயவுசெய்து திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் எரியாத எண்ணெய் உள்ளே தேங்கும். அப்புறம் பற்றும்போது மொத்தமும் ஒன்றாக எரிந்து, வீடெங்கும் கரி படியும்.

எண்ணெய் தீர்ந்து நின்றிருந்தால், டேங்கை நிரப்பிய பிறகும் குழாயில் காற்று நிற்கும். மெக்கானிக் பம்பின் சிறு திருகில் டியூப் செருகி அதை வெளியேற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்: முதலில் நுரை, பிறகு விட்டுவிட்டு, கடைசியில் குமிழே இல்லாத சிவப்புத் தாரை. உடனே திருகை மூடிவிடுவார். டேங்கைக் கால் பங்குக்குக் கீழே இறங்கவிடாமல் வைத்தால் இந்தப் பாடே இல்லை.

காற்று ஃபில்டரைக் குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை பார்த்து, அழுக்கானால் மாற்றுங்கள். இது உங்கள் வேலை. நாசில், எண்ணெய் ஃபில்டர், கரி சுத்தம் எல்லாம் வருடத்துக்கு ஒருமுறை மெக்கானிக் வேலை. பனி தொடங்கும் முன்பே வரச்சொல்லுங்கள். போவதற்கு முன் புகைக்குழாயில் கருவி விட்டு எரிதலை அளந்தாரா என்று கேளுங்கள். அளக்காமல் கிளம்ப விடாதீர்கள்.