எலக்ட்ரீஷியன் ஆக வேண்டுமா? டெஸ்டரில் தொடங்குங்கள்

பத்தாவது முடித்த என் அக்கா மகனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் பிரிவு இரண்டு வருடம். பத்தாவதில் கணக்கும் அறிவியலும் படித்திருக்க வேண்டும். அது முடிந்ததும் அப்ரண்டிஸ், அதாவது ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி.

இங்கேதான் நான் ஏமாந்தேன். முதலில் சேர்ந்த கம்பெனியில் எட்டு மாதம் கேபிள் இழுத்தேன். அப்புறம்தான் என் பெயரில் ஒப்பந்தமே பதிவாகவில்லை என்று தெரிந்தது. அந்த எட்டு மாதம் கணக்கிலேயே வரவில்லை. அதனால் 1961-ம் வருட அப்ரண்டிஸ் சட்டப்படி ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா என்று மத்திய அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இணையதளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து நீங்களே பாருங்கள். மேஸ்திரி சொல்வதை நம்பாதீர்கள்.

வேலையில் முதலில் பழக வேண்டியது, கரண்ட் இருக்கிறதா என்று காட்டும் டெஸ்டர். மெயினை இறக்கியதும் உடனே வயரைத் தொடக்கூடாது. அந்த மெயினில் சேராத, கரண்ட் இருக்கிற வேறொரு பாயின்ட்டில் டெஸ்டரை வைத்து அது எரிகிறதா என்று பாருங்கள். பிறகு வேலை செய்யப்போகும் வயரில் வையுங்கள். மறுபடி பழைய பாயின்ட்டில் வைத்துப் பாருங்கள். நடுவில் டெஸ்டரே போயிருந்தால்? பழைய வீடுகளில் கறுப்பு வயரைக்கூட பேஸாக, அதாவது கரண்ட் வரும் வயராகக் கொடுத்திருப்பார்கள். நிறத்தை நம்பிக் கை வைத்து 230 வோல்ட் வாங்கியவன் நான்.

பயிற்சி முடித்துத் தேர்வு எழுதினால் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் கிடைக்கும். தமிழ்நாட்டில் வயர்மேன் சான்றுக்கு மின் உரிம வாரியத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.