பள்ளியில் ஒருவரும் விடுபடாமல் தடுப்பூசி போட ஏற்பாடு செய்வது எப்படி?

2021 செப்டம்பர் 1 அன்று 9 முதல் 12 வரையிலான வகுப்புகள் திறக்கப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்திருந்த நேரத்தில், திருநெல்வேலி மாவட்டத்தின் களக்காட்டு மலையடிவாரத்தில் உள்ள எங்கள் உயர்நிலைப் பள்ளியின் பணியாளர்களுக்குக் கொரோனா தடுப்பூசி போட ஏற்பாடு செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஆசிரியர் தினத்துக்கு முன்பாகப் பள்ளி ஆசிரியர்கள் அனைவருக்கும் முன்னுரிமை தந்து போட்டு முடிக்க முயல வேண்டும் என்று அப்போதைய மத்திய சுகாதார அமைச்சர் மன்சுக் மாண்டவியா மாநிலங்களைக் கேட்டுக்கொண்டதும், அதற்கென 2 கோடிக்கும் மேற்பட்ட தவணைகள் கூடுதலாகத் தரப்படும் என்று அறிவித்ததும் அந்த ஆகஸ்ட் மாதக் கடைசியில்தான். நான் தமிழாசிரியை, சுகாதாரத் துறையின் நடைமுறை எதுவும் அதுவரை எனக்குத் தெரியாது. இந்த வேலையை முதன்முறையாக ஏற்கும் ஒருவர் நான் செய்த தவறுகளையாவது செய்யாமல் இருக்கலாம் என்பதால் வரிசையாக எழுதுகிறேன். அடுத்த பெருந்தொற்றில் மருந்தின் பெயரும் வயது வரம்பும் இடைவெளியும் வேறாக இருக்கும். ஆட்களைத் திரட்டும் வேலை ஏறக்குறைய இப்படியேதான் இருக்கும்.

முதல் படி: பட்டியலைப் பள்ளி வாசலில் நின்று எழுதுங்கள்

நான் செய்த முதல் தவறு, வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பட்டியல் தயாரித்தது. அதில் 14 பெயர்கள் இருந்தன, அவர்களில் 11 பேர் ஏற்கெனவே ஊசி போட்டிருந்தார்கள். 2021 ஏப்ரல் 6 அன்று நடந்த சட்டமன்றத் தேர்தலில் பணியாற்றியவர்களுக்கு முன்களப் பணியாளர் என்ற முறையில் தடுப்பூசி கிடைத்ததால், ஆசிரியர்களில் பெரும்பாலோர் அப்போதே முந்திக்கொண்டார்கள். வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்த எனக்கு, மறுநாள் காலையில் வாசலில் நின்றபோதுதான் உண்மை புரிந்தது.

காலை 7 மணிக்குத் தூய்மைப் பணியாளர் வந்து கதவைத் திறக்கிறார். அவருடைய ஊதியம் வேறு கணக்கில் இருந்து வருவதால் எங்கள் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. சத்துணவு அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் ஆகிய மூவரும் சமூக நலத் துறையின் கீழ் வருபவர்கள். பெற்றோர் ஆசிரியர் கழகம் நியமித்த தற்காலிக ஆசிரியை ஒருவர், இரவுக் காவலர், பிள்ளைகளை ஏற்றி வரும் வேன் ஓட்டுநர்கள் இருவர், வேனில் துணைக்கு வரும் ஆயா, வாசலில் கொய்யாவும் நெல்லிக்காயும் விற்கும் பாட்டி என்று எண்ணிக்கை 24 ஆனது. கூடுதலாக வந்த அந்த 10 பேரில் ஒருவர்கூட ஒரு தவணையும் போட்டிருக்கவில்லை. பிள்ளைகளோடு மூடிய வண்டியில் ஒரு மணி நேரம் பயணம் செய்பவரும், அவர்களுக்குச் சோறு பரிமாறுபவரும் அந்த 10 பேரில்தான் இருந்தார்கள். ஆகவே காலை முதல் மாலை வரை ஒரு முழு நாள் வாசலைப் பார்த்துக்கொண்டே பட்டியலை எழுதுங்கள். கொய்யா விற்கும் பாட்டி பணியாளரா என்று யாராவது கேட்டால், கிருமி அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்று சொல்லிவிடுங்கள்.

பட்டியலில் அடையாள அட்டையில் உள்ளபடி பெயர், பிறந்த ஆண்டு, செல்பேசி எண், போட்ட தவணை, போட்ட நாள், எந்த மருந்து என்ற விவரங்கள் போதும். சர்க்கரை, இரத்த அழுத்தம், கர்ப்பம் போன்றவற்றை இந்தப் பொதுப் பட்டியலில் எழுதவே கூடாது. அவற்றை ஊசி போடும் செவிலியரிடம் அவரவர் தனியாகச் சொல்லிக்கொள்ளட்டும்.

பெயர் விஷயத்தில் நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. இசக்கியம்மாள், பேச்சியம்மாள், முப்பிடாதி, சுடலைமுத்து போன்ற பெயர்களுக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் ஊருக்கு ஊர், அட்டைக்கு அட்டை மாறும். எங்கள் சமையலர் இசக்கியம்மாளின் பெயர் ஆதாரில் ஒரு விதமாகவும் குடும்ப அட்டையில் வேறு விதமாகவும் இருந்தது. முதல் தவணைக்கு ஓர் அட்டையும் இரண்டாம் தவணைக்கு வேறோர் அட்டையும் காட்டினால், தடுப்பூசிப் பதிவுக்கான அரசின் கோவின் இணையதளம் அவரை இரண்டு ஆட்களாக எண்ணி இரண்டு முதல் தவணைச் சான்றிதழ்களைத் தந்துவிடும். எந்த அட்டையை ஒருவர் பயன்படுத்தப் போகிறார் என்பதை முதலிலேயே முடிவு செய்து, பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே குறித்து வையுங்கள்.

இரண்டாம் படி: யாருடைய செல்பேசி எண் என்பதைத் தீர்மானியுங்கள்

2021இல் ஒரு செல்பேசி எண்ணில் நான்கு பேர் வரை பதிவு செய்யலாம் என்பது விதி. இதைப் பார்த்ததும், செல்பேசி இல்லாதவர்கள் எல்லோரையும் ஓர் ஆசிரியரின் எண்ணில் ஏற்றிவிடலாம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். நான்கு இடங்களும் நிரம்பிய பிறகு அந்த ஆசிரியரின் சொந்தத் தாயாருக்கு இடம் இருக்காது. அதைவிடப் பெரிய தொல்லை, சான்றிதழைப் பதிவிறக்கும் ஒவ்வொரு முறையும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும் என்பது. ஆசிரியர் மாறுதலில் ராதாபுரத்துக்குப் போய்விட்டால், சமையல் உதவியாளர் தன் சான்றிதழுக்காக அவரைத் தேடி அலைய வேண்டும். கூடுமான வரையில் வீட்டில் உள்ள ஒருவரின் எண்ணையே கொடுக்கச் சொல்லுங்கள். அந்த எண் திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுடையது என்றால், பதிவு செய்யும் நேரத்தை அவருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தறிச் சத்தத்தில் இருப்பவர் அழைப்பை உடனே எடுப்பார் என்று எண்ணிக்கொண்டு நாங்கள் அரை மணி நேரம் காத்திருந்தோம்.

மூன்றாம் படி: இடத்தையும் எண்ணிக்கையையும் பொருத்துங்கள்

ஆட்கள் குறைவு என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்வதே எளிது. பள்ளியிலேயே முகாம் வேண்டுமென்றால் எண்ணிக்கை வேண்டும். 2021 ஏப்ரலில் பணியிடங்களில் தடுப்பூசி போட மத்திய அரசு அனுமதித்தபோது, தகுதியும் விருப்பமும் உள்ளவர்கள் ஏறத்தாழ 100 பேர் இருக்கும் இடங்களையே கணக்கில் கொண்டது. நாங்குநேரி, களக்காடு, மானூர் பக்கத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் அத்தனை பேர் இருக்க மாட்டார்கள். பாளையங்கோட்டையில் ஒரே தெருவில் மூன்று பள்ளிகள் சேர்ந்தாலே அந்த எண்ணிக்கை வந்துவிடும். கிராமப்புறத்தில் சுற்றுவட்டாரத்தில் உள்ள ஆறேழு பள்ளிகளையும் அங்கன்வாடிகளையும் சேர்த்துக்கொண்டு, நடுவில் பேருந்து நிற்கும் ஊரில் உள்ள பள்ளியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எண்ணிக்கை ஏன் முக்கியம் என்பதற்கு மருந்துக் குப்பியே காரணம். கோவிஷீல்டு குப்பி ஒன்றில் 10 தவணைகள் இருந்தன. 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்திருக்கும் அந்தக் குப்பியைத் திறந்தால் 4 மணி நேரத்துக்குள் பயன்படுத்தி முடிக்க வேண்டியிருந்தது. 13 பேரை அழைத்துக்கொண்டு போனால் 10 பேருக்குப் போட்டுவிட்டு, மீதி 3 பேருக்காக இன்னொரு குப்பியைத் திறக்கச் செவிலியர் தயங்குவது நியாயம்தான். அதனால் பத்துப் பத்தாக ஆள் சேருங்கள். குறைகிற இடங்களுக்குப் பணியாளர்களின் வீட்டார் இரண்டு மூன்று பேரைத் தயாராக இருக்கச் சொல்லுங்கள்.

முகாம் கேட்கும் கடிதத்தை வட்டார மருத்துவ அலுவலருக்கு எழுதி, மாவட்டக் கல்வி அலுவலருக்கு நகல் அனுப்புங்கள். மொத்த எண்ணிக்கை, முதல் தவணைக்கு எத்தனை பேர், இரண்டாம் தவணைக்கு எத்தனை பேர், எந்த மருந்து, இடம், தொடர்புக்கு ஒருவர் என்ற விவரங்கள் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். நான் முதலில் அனுப்பிய கடிதம் ஏதோ ஓர் அலுவலக மேசையில் பத்து நாள் உறங்கியது. பிறகு கிராம சுகாதார செவிலியரிடம் நேரில் போய்ப் பேசினேன், இரண்டே நாளில் தேதி கிடைத்தது. கடிதம் பதிவுக்காக, வேலை நடப்பது செவிலியரால்.

நான்காம் படி: நாளைத் தேர்ந்தெடுங்கள்

ஊசி போட்ட மறுநாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வருவது வழக்கம் என்பதால் வெள்ளி அல்லது சனிக்கிழமை நல்லது. சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் இருவருக்கும் ஒரே நாளில் போடாதீர்கள். இருவரும் படுத்துவிட்டால் அடுப்பு எரியாது. வேன் ஓட்டுநர்களுக்கும் அதே விதி. உள்ளூர் அம்மன் கோயிலிலோ சுடலைமாடன் கோயிலிலோ கொடை விழாவுக்குக் கால் நாட்டிய பிறகு அந்த ஊரில் இருந்து யாரும் வர மாட்டார்கள். ஆகையால் தேதியை உறுதி செய்யும் முன் காவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அரசு நாள்காட்டியில் இல்லாத விடுமுறைகள் எல்லாம் அவருக்குத் தெரியும்.

ஐந்தாம் படி: தயங்குகிறவரின் உண்மையான காரணத்தைக் கேளுங்கள்

இந்தப் படிக்கு மற்ற எல்லாப் படிகளையும் விட அதிக நேரம் ஒதுக்குங்கள். நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று தடுப்பூசி போட்டுக்கொண்டு, 17 அன்று மாரடைப்பால் இறந்த செய்தி நம் ஊர்களில் உண்டாக்கிய அச்சம் பல மாதங்கள் தீரவில்லை. அந்த மரணத்துக்குத் தடுப்பூசி காரணமன்று என்று மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள். பின்னர் ஆய்வு செய்த மத்திய அரசின் குழுவும் அவ்வாறே கூறியது. ஆனால் அந்த விளக்கத்தைக் கூட்டம் போட்டு ஒலிபெருக்கியில் சொல்வதால் பயன் இல்லை. அடுப்படியில் உட்கார்ந்து, அரிசி புடைக்கும்போது பேச வேண்டும்.

அப்படிப் பேசியபோதுதான் இசக்கியம்மாள் சொன்னார்: "ஊசிக்கு ஒண்ணும் பயப்படல டீச்சர். ரெண்டு நா படுத்துட்டேம்னா வீட்ட யாரு பாப்பா? இங்க எனக்குப் பதிலா வேற ஆளப் போட்டுருவாங்கல்லா." விவேக்கைப் பற்றி அரை மணி நேரம் பேசத் தயாராகப் போயிருந்த எனக்கு, அவருக்குத் தேவைப்பட்டது ஒரு வாக்குறுதிதான் என்று தெரிந்தது. தலைமையாசிரியர் நேரில் வந்து, "ரெண்டு நாள் நீங்க வரலன்னாலும் உங்க வேலை உங்களுக்குத்தான்" என்று சொன்ன பிறகு அவர் மறு பேச்சுப் பேசவில்லை. தினக்கூலி பெறும் ஓட்டுநருக்கு மறுநாள் கூலியை நிர்வாகத்திடம் முன்கூட்டியே பேசி வாங்கி வைத்தோம். காவலரின் தயக்கமோ வேறு: "ஊசி போட்டா குடிக்கக் கூடாதாம்லா டீச்சர்?" அவரைச் செவிலியரிடமே அனுப்பிவிட்டேன்; என்ன பேசினார்களோ, ஊசி போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

கர்ப்பிணிகளுக்கு 2021 ஜூலை முதல்தான் அனுமதி கிடைத்தது. பாலூட்டும் தாய்மார்களுக்கு அதே ஆண்டு மே மாதமே கிடைத்துவிட்டது. கொரோனா வந்து குணமானவர்கள் மூன்று மாதம் கழித்துப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அப்போதைய விதி. முந்தைய தவணையிலோ வேறு மருந்திலோ கடுமையான ஒவ்வாமை கண்டவர்களிடம் நீங்கள் எதையும் வற்புறுத்தாமல் மருத்துவரிடம் அனுப்புங்கள். வேறு யாரையும்கூடக் கட்டாயப்படுத்தக் கூடாது. தடுப்பூசி அவரவர் விருப்பம் என்றே அரசு விதித்திருந்தது. போடாதவர்களின் பெயர்களைப் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் வெளியிடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அதனால் ஊசி போடுபவர் எண்ணிக்கை கூடியதாக நான் பார்க்கவில்லை, பேச்சுவார்த்தை நின்றுபோனதைத்தான் பார்த்தேன்.

ஆறாம் படி: முகாம் நாள்

காத்திருக்க, ஊசி போட, கண்காணிக்க என்று தரைத்தளத்தில் மூன்று அறைகள் வேண்டும். ஊசி போட்ட ஒவ்வொருவரும் 30 நிமிடம் உட்கார வேண்டும் என்பதால் மூன்றாவது அறையே பெரியதாக இருக்கட்டும். சிறு வகுப்புப் பெஞ்சுகளில் பெரியவர்கள் அரை மணி நேரம் உட்கார முடியாது. ஆசிரியர் அறை நாற்காலிகளை முதல் நாளே எடுத்துப் போடுங்கள். மயக்கம் வருபவர் படுக்க ஒரு பெஞ்சை ஒதுக்கி வையுங்கள். பயத்தில் மயங்குவதே மிகுதி என்றாலும், ஒவ்வாமைக்கான அவசர மருந்துப் பெட்டி குழுவினரிடம் இருக்கிறதா என்று ஊசி போடத் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள், 108 வண்டி உள்ளே வந்து திரும்ப வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். வெறும் வயிற்றோடு யாரும் வரக் கூடாது. தோள் வரை எளிதில் ஏற்றிவிடக்கூடிய தளர்வான சட்டையோ ரவிக்கையோ அணிந்து வரும்படி முந்தைய நாளே சொல்லிவிடுங்கள்.

மலையடிவார ஊர்களில் செல்பேசி அலைவரிசை நின்றுவிடும். அப்போது விவரங்களைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அன்று மாலையே குழுவினர் கணினியில் ஏற்றினார்களா என்று விசாரிப்பது உங்கள் வேலை. ஊசி போட்டும் பதிவேறாமல் போனவர்கள் இரண்டாம் தவணையின்போது பெரும் அலைச்சலுக்கு ஆளானார்கள்.

ஏழாம் படி: இரண்டாம் தவணையைக் கணக்கிடுங்கள்

அப்போது கோவாக்சினுக்கு 28 நாள் கழித்து இரண்டாம் தவணை. கோவிஷீல்டுக்கு 2021 மே மாதம் முதல் 12 முதல் 16 வாரம் என்று இடைவெளியை நீட்டித்தார்கள். அதாவது செப்டம்பர் 1 அன்று கோவிஷீல்டு போட்டவருக்கு 84 நாள் முடிவது நவம்பர் 24. அது வடகிழக்குப் பருவமழை கொட்டும் காலம். தாமிரபரணிக் கரையில் பிசானப் பருவ நெல் நடவும் அப்போதுதான் மும்முரமாக இருக்கும். சமையல் உதவியாளரும் ஆயாவும் வயலில் நிற்பார்கள். முதல் தவணை நாளன்றே அவரவர் அட்டையில் இரண்டாம் தேதியைத் தமிழ் மாதத்தோடு எழுதிக் கொடுத்தோம். "கார்த்திகை 8" என்றால் நினைவில் நிற்கும் அளவுக்கு "நவம்பர் 24" என்பது நிற்பதில்லை.

காய்ச்சலுக்குச் செவிலியர் தரும் பாராசிட்டமால் போதும். இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தாலோ, மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். சந்தேகம் கேட்க 104 என்ற எண்ணை எல்லோருக்கும் எழுதிக் கொடுங்கள். அன்று இரவும் மறுநாளும் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை செல்பேசியில் பேசிவிடுங்கள்.

எங்கள் 24 பேரில் இருவர் நவம்பரில் வரவில்லை. ஒருவர் மகள் பிரசவத்துக்காகத் தென்காசிப் பக்கம் போயிருந்தார். அங்கேயே போட்டுக்கொள்ளலாம், முதல் தவணைக்குக் காட்டிய அதே அட்டையைக் கொண்டு போங்கள் என்று சொன்னோம். மற்றவர் வேன் ஓட்டுநர், வேறு பள்ளிக்கு மாறிவிட்டிருந்தார். அந்தப் பள்ளியில் இதே பொறுப்பைப் பார்த்த ஆசிரியரின் எண்ணைத் தேடிப் பிடித்து விவரம் சொன்னேன். பணிகள் முடிந்ததும் என் மேசையில் சேர்ந்திருந்த ஆதார் நகல்களை எல்லாம் அவரவரிடமே திருப்பிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் பெற்றுக்கொண்டேன்.