மூகோ பைனைக் குட்டையாகவே வளர்ப்பது எப்படி

சீட்டில் 'குட்டைப் பைன்' என்று எழுதியிருந்ததை நம்பி மூகோ பைனை வாசற்படி ஓரமாக நட்டவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: இது ஏன் இடுப்பைத் தாண்டியும் வளர்ந்துகொண்டே போகிறது? மரத்தின் மேல் குற்றமில்லை. ஆல்ப்ஸ், கார்பேத்தியன், பால்கன் மலைகளில், பெரிய மரங்கள் நிற்க முடியாத உயரத்தில் புதராகப் படர்ந்து வாழும் இனம் இது. பனிச்சரிவு வந்தால் கிளைகள் தரையோடு படுத்துக்கொள்ளும், பனி உருகியதும் எழுந்துகொள்ளும். அங்கேயே சில புதர்கள் மூன்று மீட்டருக்கு மேல் போகும். இதன் மேற்கத்திய கிளையினம் ஒற்றைத் தண்டோடு 20 மீட்டர் மரமாகவே நிற்கும். ஆக, வாங்கும்போதே எது என்று பார்த்து வாங்கினால் பாதி வேலை முடிந்தது.

விதையிலிருந்து வளர்த்த கன்றுகள் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. 'புமிலியோ' என்று விற்பதில் பெரும்பகுதி இப்படிப்பட்டதுதான். நிச்சயமாகக் குட்டையாக இருக்க வேண்டுமென்றால் 'மாப்ஸ்' போன்ற பெயருள்ள ஒட்டுக்கன்று வாங்குங்கள். அது பத்து ஆண்டுகள் ஆனாலும் பொதுவாக ஒரு மீட்டரைத் தொடாது. விலை கூடுதல்தான், ஆனால் பிற்பாடு மிச்சமாகும் உழைப்பைக் கணக்கில் எடுத்தால் அது மலிவு.

ஒட்டுக்கன்று கிடைக்கவில்லையா? நர்சரியில் நான் செய்வதைச் செய்யுங்கள். பைன் ஆண்டுக்கு ஒரு முறைதான் துளிர்க்கும். ஆகவே ஒரு கிளையில் அடுத்தடுத்த இரு கணுக்களுக்கு நடுவே உள்ள நீளம் ஓராண்டு வளர்ச்சி. கன்றுகளை வரிசையாக வைத்து இந்த இடைவெளியை ஒப்பிடுங்கள். விரலிரண்டு அகலம் உள்ளதை எடுங்கள், சாண் நீளம் உள்ளதை விட்டுவிடுங்கள். அதன் உருண்டை வடிவத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அதை நர்சரிக்காரரே கத்தரித்து வைத்திருக்கலாம்.

நடுவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. நாள் முழுக்க வெயில் படும் இடம், தண்ணீர் தேங்காத மண், இரண்டும் போதும். சரளை, மணல், சுண்ணாம்பு மண் எல்லாம் ஒத்துக்கொள்ளும். ஈரக் களிமண் மட்டும் ஆகாது. குழியை வேர்மண்ணின் ஆழத்துக்கு மேல் தோண்டாதீர்கள், அகலத்தை மட்டும் இரு மடங்கு ஆக்குங்கள். உரம் வேண்டாம். உரம் போட்டால் குருத்து நீளும், அதைத்தானே நாம் வேண்டாம் என்கிறோம்! வேரில் வெள்ளையாக நூல்போல ஏதாவது தெரிந்தால் நோய் என்று கழுவிவிடாதீர்கள். அது வேரோடு கூடி வாழும் பூஞ்சை, மரத்துக்கு நீரும் சத்தும் தேடித் தருவது. முதல் இரண்டு கோடைக்கு ஆழமாகத் தண்ணீர் விடுங்கள், அப்புறம் அது தானே பார்த்துக்கொள்ளும்.

சரி, குருத்துக்கு வருவோம். வசந்தத்தில் ஒவ்வொரு கிளை நுனியிலும் மெழுகுவர்த்திபோலக் குருத்துகள் நிமிர்ந்து நிற்கும். முதலில் ஊசியிலைகள் தண்டோடு ஒட்டிக் கிடக்கும். குருத்து நீண்டுவிட்டது, ஊசிகள் இன்னும் விரியவில்லை என்ற அந்தக் குறுகிய இடைவெளியில்தான் கை வைக்க வேண்டும். இடது கையால் அடியைப் பிடித்து, வலது கையால் மேல் பாதியை மடக்கினால் 'டக்' என்று ஒடியும். உச்சியில் இருக்கும் தடித்த குருத்துகளில் மூன்றில் இரண்டு பங்கை ஒடியுங்கள், பக்கத்துக் குருத்துகளில் பாதி, உள்ளே ஒளிந்திருக்கும் மெலிந்தவற்றை அப்படியே விடுங்கள். எல்லாவற்றையும் ஒரே அளவாக ஒடித்தால் பலமான கிளை மேலும் பலமாகும், மெலிந்தது செத்துப்போகும்.

கத்தரியை எடுக்காதீர்கள். ஊசிகள் குறுக்கே வெட்டுப்பட்டு நுனி பழுத்து, கோடை முழுக்க அசிங்கமாக நிற்கும். பிசின் கையில் அப்பிக்கொள்ளும்தான்; கொஞ்சம் சமையல் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டால் போய்விடும். கையுறை போட்டால் குருத்து எங்கே ஒடியும் என்பது விரலுக்குத் தெரியாது, அதனால் எனக்கு அது பிடிக்காது.

ஒடித்த இடத்தில் அந்தக் கோடையிலேயே அடுத்த ஆண்டுக்கான மொட்டுகள் கட்டும். ஒன்று இருந்த இடத்தில் நாலைந்து வரும், புதர் அடர்த்தியாகும். ஊசிகள் விரிந்து முற்றிய பிறகு ஒடித்தாலோ, இலையுதிர்காலத்தில் கவாத்து செய்தாலோ அந்த மொட்டுகளையே வெட்டி எறிகிறீர்கள். இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு: ஊசியில்லாத பழைய கட்டையிலிருந்து மூகோ துளிர்ப்பதே இல்லை. வளர்ந்துவிட்ட புதரைப் பாதியாக வெட்டிச் சின்னதாக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு மிஞ்சுவது மொட்டைக் குச்சிகள்தான். சின்னதிலேயே தொடங்க வேண்டும்.

உள்பக்கத்துப் பழைய ஊசிகள் இலையுதிர்காலத்தில் பழுத்து விழுவது இயல்பு, பதற வேண்டாம். அவற்றைக் கையால் கோதி எடுத்துவிட்டால் உள்ளே வெளிச்சம் போகும். ஆனால் வசந்தத்தில் பழைய ஊசிகள் மட்டும் மொட்டையாகிப் புதுக் குருத்து தப்பித்திருந்தால் அது ரம்ப ஈயின் புழு. கூட்டமாக ஒட்டியிருக்கும், கை பட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கும். கிளையைத் தட்டிச் சோப்புத் தண்ணீரில் விழ விடுங்கள். அந்துப்பூச்சிப் புழுக்களுக்கு அடிக்கும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் மருந்து இதனிடம் எடுபடாது, ஏனென்றால் இது அந்து இனமே இல்லை.

குளிருக்கு இது அஞ்சாது. தரையில் வேரூன்றிய புதர் மைனஸ் 40 டிகிரி வரை தாங்கும். தொட்டியில் இருப்பது அவ்வளவு தாங்காது, வேரைச் சுற்றி மண் காப்பு குறைவு என்பதால். கடுங்குளிர் மாதங்களில் தொட்டியைச் சுவரோரம் நகர்த்தி, சுற்றிலும் காய்ந்த சருகு குவியுங்கள். வீட்டுக்குள் மட்டும் கொண்டுபோகாதீர்கள், குளிர்கால ஓய்வு இல்லாமல் இது நலிந்துவிடும். அதே காரணத்தால், குளிர்காலமே இல்லாத வெப்பச் சமவெளியில் இதை வாங்கவே வேண்டாம்.