பிள்ளைகளுக்குப் புளூட்டோவைச் சொல்லித்தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புளூட்டோ பேச்சு வந்தாலே பெரியவர்கள் பலர் முதலில் சொல்வது, "பாவம், அதைக் கோள் பட்டியல்லேர்ந்து தூக்கிட்டாங்க" என்பதுதான். 2006-க்கு முன்னால் படித்தவர்களுக்கு ஒன்பது கோள்களும் மனப்பாடம். கடைசிக் கோள் போனதில் இன்னும் ஒரு மனக்குறை இருக்கிறது. ஆனால் இன்று எட்டு வயதில் இருக்கும் பிள்ளைக்கு அந்தக் குறை எதுவும் கிடையாது. அவள் பிறந்ததிலிருந்தே கோள்கள் எட்டுதான். நம் பழைய வருத்தத்தோடு கதையைத் தொடங்கினால், அவள் மனதில் புளூட்டோ என்பது பதவி பறிபோன ஒன்று என்று மட்டுமே பதியும். அங்கே மலை இருக்கிறதா, காற்று இருக்கிறதா, வானம் என்ன நிறம் என்று கேட்கவே தோன்றாது. நான் பார்த்தவரை இதுதான் பெரிய தவறு. மற்றவை பெரும்பாலும் இதிலிருந்து கிளைத்தவைதான்.

முதலில் அந்த இடத்தைக் காட்டுங்கள். 2006 ஜனவரி 19-ஆம் தேதி கிளம்பிய நியூ ஹொரைசன்ஸ் விண்கலம், ஒன்பதரை ஆண்டு பயணத்துக்குப் பிறகு 2015 ஜூலை 14 அன்று புளூட்டோவை ஏறத்தாழ 12,500 கிலோமீட்டர் தொலைவில் கடந்துபோனது. அதுவரை ஹபிள் தொலைநோக்கி எடுத்த மங்கலான புள்ளிப் படங்கள்தான் நம்மிடம் இருந்தன. விண்கலம் அனுப்பிய படத்தில் ஒரு பெரிய வெளிர்நிற இதயம் தெரிந்தது. அதன் இடது பாதி, ஸ்புட்னிக் சமவெளி என்று பெயரிடப்பட்ட ஒரு பிரம்மாண்டமான நைட்ரஜன் பனிப்பரப்பு. நாம் மூச்சில் இழுக்கும் காற்றில் முக்கால் பங்குக்கு மேல் இருக்கும் அதே நைட்ரஜன், அங்கே மைனஸ் 230 டிகிரிக் குளிரில் உறைந்து கிடக்கிறது. அந்தச் சமவெளியில் விண்கல் மோதிய குழி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அப்படியென்றால் அந்தத் தரை இன்னும் புதிதாகிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். அதன் ஓரத்தில் 3,500 மீட்டரைத் தாண்டும் மலைகள் நிற்கின்றன. அவை பாறையால் ஆனவை அல்ல, தண்ணீர்ப் பனிக்கட்டியால் ஆனவை. அந்தக் குளிரில் பனிக்கட்டி பாறை மாதிரி இறுகிப்போகும். எவரெஸ்ட்டில் முதலில் ஏறிய டென்சிங், ஹிலாரி இருவரின் பெயரையும் அங்குள்ள மலைத்தொடர்களுக்கு வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு இருக்கும்போது "அது சும்மா இருட்டுல கிடக்கிற பனிக்கட்டி" என்று சொல்லிவிடுவது அடுத்த தவறு. பனி உண்டு, இருட்டு இல்லை. நமக்குக் கிடைக்கும் வெயிலைவிட அங்கே ஆயிரம் மடங்குக்கும் மேல் மங்கல் என்பது உண்மைதான். அப்படியும் நம் பௌர்ணமி நிலவைவிட அங்கே சூரியன் நூற்றுக்கணக்கான மடங்கு அதிக வெளிச்சம் தருகிறது. இதை நம்ப வைக்க நல்ல வழி இருக்கிறது. மேகமில்லாத ஒரு நாளில், சூரியன் மறைந்த கையோடு ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு பிள்ளையோடு மொட்டைமாடிக்குப் போங்கள். வெளிச்சம் குறையக் குறைய ஒரு கட்டத்தில், புளூட்டோவில் நண்பகலுக்கு எவ்வளவு வெளிச்சமோ அவ்வளவே நம்மைச் சுற்றி இருக்கும். எழுத்து நன்றாகவே தெரியும், படிக்கலாம். நாசா இந்த நேரத்துக்குப் 'புளூட்டோ நேரம்' என்றே பெயர் வைத்து மக்களைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னது. விளக்கில்லாமல் ஒரு பக்கம் படித்து முடித்த பிள்ளை, புளூட்டோ கும்மிருட்டு என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

தூரத்தைப் படத்தில் காட்டாதீர்கள்

பாடப்புத்தகத்திலும் சுவரில் மாட்டும் சார்ட்டிலும் கோள்கள் தோளோடு தோள் உரசி வரிசையாக நிற்கும். ஒரு பக்கத்துக்குள் அடக்க வேறு வழியில்லை, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் படத்தை வைத்துத் தூரத்தை விளக்க முயன்றால் தப்பான கணக்கு மனதில் ஏறிவிடும். சரி, எண்ணைச் சொல்லலாமே என்றால், "590 கோடி கிலோமீட்டர்" என்பது பிள்ளைக்கு வெறும் சத்தம். 59 கோடி என்றாலும் இதே மாதிரிதான் தலையாட்டுவாள்.

அதனால் சமையலறைக்குப் போங்கள். ஒரு சென்டிமீட்டர் பருமனுள்ள வெள்ளைக் கொண்டைக்கடலை ஒன்றை எடுத்து, இதுதான் பூமி என்று வையுங்கள். நிலா ஒரு கம்பு மணி, கடலையிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி. புளூட்டோ, அந்தக் கம்பைவிடச் சின்னதாக ஒரு கடுகு. அதன் பெரிய துணைக்கோள் சாரன் ஒரு கசகசா, கடுகிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டரில். இந்த அளவில் சூரியன் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான குறுக்களவுள்ள வட்டம். தெருவில் சாக்பீஸால் வரைந்துவிடலாம். அங்கிருந்து 117 மீட்டர் நடந்தால் கடலையை வைக்கும் இடம் வரும். பிள்ளைகள் அதற்கே வாயைப் பிளப்பார்கள். கடுகை வைக்க சராசரியாக 4.6 கிலோமீட்டர் போக வேண்டும். நடக்க முடியாவிட்டால் வண்டியில் கூட்டிப்போங்கள், ஆனால் உண்மையாகவே போங்கள். வழியெல்லாம் எவ்வளவு வெறுமை என்பதை உட்கார்ந்த இடத்தில் சொல்லிப் புரியவைக்க முடியாது.

போகும் வழியில் இன்னொன்றையும் சொல்லலாம். இந்த அளவில் ஒளி ஒரு நொடிக்கு ஏறத்தாழ ஒரு சாண்தான் நகரும். கடுகு வரை வந்துசேர அதற்கு ஐந்தரை மணி நேரம் ஆகும். அந்தக் கடுகையும் கசகசாவையும் பற்றிப் பேசுவதற்கும் நிறைய இருக்கிறது. இரண்டும் எப்போதும் ஒரே முகத்தை ஒன்றுக்கொன்று காட்டியபடி சுற்றுகின்றன. புளூட்டோவின் ஒரு பாதியில் நின்றால் சாரன் வானத்தில் ஒரே இடத்தில் தொங்கும், உதிக்காது, மறையாது. மறுபாதியில் இருப்பவர்கள் அதைப் பார்க்கவே முடியாது.

"சின்னதாக இருப்பதால்தான்" என்ற விடை

கோள் இல்லையா என்ற கேள்வி எப்படியும் வரும், அப்போது பேசிக்கொள்ளலாம். அவசரத்தில் பலர் சொல்லும் காரணம், "ரொம்பச் சின்னது, அதான்". இது சரியான விடை இல்லை. 2006 ஆகஸ்ட் 24 அன்று பிராகா நகரில் சர்வதேச வானியல் ஒன்றியம் வகுத்த விதியில் அளவு பற்றிய எண் எதுவும் கிடையாது. சூரியனைச் சுற்ற வேண்டும், தன் ஈர்ப்பால் உருண்டையாகியிருக்க வேண்டும், தன் பாதையை ஒட்டிய பகுதியில் மற்றவற்றை விலக்கியோ அடக்கியோ தானே பெரிய ஆளாக இருக்க வேண்டும். புளூட்டோ முதல் இரண்டிலும் தேறுகிறது, மூன்றாவதில் தேறவில்லை. அதன் பாதை, நெப்டியூனுக்கு அப்பால் சூரியனைச் சுற்றும் பனிப்பொருள்களின் பெரிய கூட்டமான கைப்பர் பட்டைக்குள் கிடக்கிறது. அந்தப் பக்கம் 2005-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஈரிஸ், ஏறக்குறைய புளூட்டோ அளவே இருந்தது, எடையிலோ அதைவிட அதிகம். அப்படியானால் பத்தாவது கோளா, நாளை இன்னும் பத்து கிடைத்தால் என்ன செய்வது என்ற சிக்கல் அங்கேதான் முற்றியது.

இதே கதை முன்பும் ஒருமுறை நடந்திருக்கிறது என்பதைத் தவறாமல் சொல்லுங்கள். 1801 ஜனவரி 1 அன்று இத்தாலியின் பலேர்மோவில் பியாஸி கண்டுபிடித்த சீரிஸைப் பல பத்தாண்டுகள் கோள் என்றே எழுதிவந்தார்கள். அதே பகுதியில் வரிசையாக இன்னும் பல கிடைத்தபின் சிறுகோள் என்று மாற்றினார்கள். 2006-லிருந்து அதுவும் புளூட்டோவைப் போல ஒரு குறுங்கோள், அதாவது முதல் இரண்டு விதியில் தேறி மூன்றாவதில் தேறாத ஒன்று. சீரிஸ் கதையைக் கேட்ட பிள்ளைகள் "யாரோ புளூட்டோவுக்கு அநியாயம் செய்துவிட்டார்கள்" என்று நினைப்பதில்லை. புதிதாகத் தெரிந்துகொள்ளும்போது பழைய பட்டியலைத் திருத்துவார்கள் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

"நெப்டியூன் பாதையில குறுக்க போகுது, ஒருநாள் மோதிடும்" என்பதும் அடிக்கடி காதில் விழுகிறது. 1979 முதல் 1999 வரை நெப்டியூனைவிடச் சூரியனுக்குப் பக்கத்தில் புளூட்டோ இருந்தது நிஜம். மோதாது. நெப்டியூன் மூன்று சுற்று முடிப்பதற்குள் புளூட்டோ இரண்டு சுற்று முடிக்கும். இந்தத் தாளம் இரண்டையும் எப்போதும் தள்ளியே வைத்திருக்கிறது.

நம் வீடுகளில் இன்னொரு குழப்பமும் உண்டு. கோயிலில் நவக்கிரகம் சுற்றும் பிள்ளை, "ஒன்பதில் ஒன்று போச்சே, அப்போ இங்கே எது போச்சு?" என்று கேட்கலாம். இரண்டும் வேறு பட்டியல். நவக்கிரகத்தில் சூரியனும் சந்திரனும் உண்டு. ராகுவும் கேதுவும், நிலாவின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள். அதில் யுரேனஸ், நெப்டியூன், புளூட்டோ மூன்றுமே கிடையாது. இதை விளக்க இரண்டு நிமிடம் போதும். சிரித்து மழுப்பினால் குழப்பம் பல வருஷம் கூடவே வரும்.

கண்டுபிடித்தவர்களை விட்டுவிடாதீர்கள்

"விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்" என்று ஒரே வரியில் முடிப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம். கிளைட் டோம்பா கான்சாஸில் ஒரு விவசாயக் குடும்பத்தில் வளர்ந்தவர். ஆலங்கட்டி மழை பயிரை அழித்ததால் கல்லூரிக்குப் போகப் பணமில்லை. பழைய கார், பண்ணைக் கருவிகளின் பாகங்களை வைத்துத் தானே தொலைநோக்கி செய்தார். அதில் பார்த்து வரைந்த செவ்வாய், வியாழன் படங்களை அரிசோனாவின் லோவல் வானாய்வகத்துக்கு அனுப்ப, அவர்கள் வேலைக்கே அழைத்துக்கொண்டார்கள். 1930 ஜனவரி 23, 29 தேதிகளில் எடுத்த இரண்டு படத் தகடுகளை ஒரு கருவியில் மாற்றி மாற்றிப் பார்த்தபோது, நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரே ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருந்தது. பிப்ரவரி 18 அன்று அதைக் கண்ட அவருக்கு வயது 24. பெயர் சொன்னவள் ஆக்ஸ்ஃபர்டில் இருந்த 11 வயது வெனிஷியா பர்னி. காலை உணவு வேளையில் தாத்தா செய்தித்தாளில் இருந்த செய்தியைச் சொல்ல, அவள் புளூட்டோ என்றாள். அவர் அதை ஒரு வானியலாளரிடம் சொல்ல, தந்தியில் அமெரிக்கா போனது.

டோம்பா செய்ததை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு வெள்ளைத் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் ஐம்பது அறுபது புள்ளிகள் வையுங்கள். ஜன்னல் கண்ணாடியில் அதை ஒட்டி, மேலே இன்னொரு தாள் வைத்து அதே புள்ளிகளை நகலெடுங்கள், ஒன்றை மட்டும் அரை சென்டிமீட்டர் நகர்த்தி. இப்போது இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேல்தாளை மடக்கி மடக்கி எடுத்தால் ஒரு புள்ளி மட்டும் துள்ளும். பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கும் வரை விரலால் காட்டிவிடாதீர்கள். தொலைநோக்கியில் புளூட்டோவைக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுப்பதைவிட இது மேல். நல்ல இருட்டில், பெரிய தொலைநோக்கியில்கூட அது ஒரு மங்கலான புள்ளிதான். சனியின் வளையத்தை எதிர்பார்க்கும் மனநிலையில் வந்தவர்கள் ஏமாந்துபோவார்கள்.

இணையத்தில் படம் எடுத்துக்காட்டும்போது எது நிஜப் படம், எது ஓவியர் கற்பனையில் வரைந்தது, எதில் வித்தியாசம் தெரிவதற்காக நிறத்தைக் கூட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுங்கள். நிறம் கூட்டாத புளூட்டோ வெளிர் பழுப்பு. சூரியனுக்கு எதிர்ப்புறத்திலிருந்து எடுத்த படத்தில் அதைச் சுற்றி மெல்லிய நீலப் பனிமூட்டம் தெரியும்.

கடைசியில், "மறுபடியும் கோள் ஆகுமா?" என்று கேட்பார்கள். ஆகவே ஆகாது என்று அடித்துச் சொல்ல வேண்டாம். நியூ ஹொரைசன்ஸ் திட்டத்தை நடத்திய ஆலன் ஸ்டெர்ன் உட்பட சில அறிவியலாளர்கள், உருண்டையாக இருந்தாலே கோள்தான் என்று இன்றும் வாதிடுகிறார்கள். பரீட்சையில் எட்டு என்று எழுதச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு தாளைக் கொடுத்து, கோள் என்றால் என்ன என்று அவர்களையே ஒரு விதி எழுதச் சொல்லுங்கள். எழுதியதும், அதன்படி நிலா என்ன, சீரிஸ் என்ன, வியாழனைச் சுற்றும், புதன் கோளைவிடப் பெரிய கானிமீட் ஏன் துணைக்கோள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குள் விதியை அடித்துத் திருத்த ஆரம்பித்துவிடுவார்கள்.