ஒரே ஹிட், ஆனால் வெற்றி: பாக்ஸ் ஸ்கோர் படிக்கையில் வழுக்கும் இடங்கள்

1959 மே 26, அமெரிக்காவின் மில்வாக்கி. அன்றைய பேஸ்பால் ஆட்டத்தின் பாக்ஸ் ஸ்கோரில், அதாவது புள்ளிவிவர அட்டவணையில், கடைசி மூன்று கட்டங்கள் இப்படி: பிட்ஸ்பர்க் பைரட்ஸ் 0, 12, 1, மில்வாக்கி பிரேவ்ஸ் 1, 1, 0. கிரிக்கெட் பார்த்தே வளர்ந்த கண் அந்த 12-இல்தான் போய் நிற்கும், பிட்ஸ்பர்க் ஜெயித்துவிட்டது என்று முடிவு கட்டிவிடும். முதல் தவறே அதுதான். மூன்றும் வரிசையாக ரன், ஹிட், எரர் (ஃபீல்டிங் பிழை). பந்தை அடித்து, எதிரணியின் பிழையால் இல்லாமல், பத்திரமாக ஒரு பேஸைப் (ஓடிச் சேர வேண்டிய இடத்தை) பிடித்தால் ஹிட். எல்லா பேஸையும் சுற்றி வந்து, அடித்த இடமான ஹோம் பிளேட்டைத் தொட்டால்தான் ரன். பிட்ஸ்பர்க் 12 ஹிட் அடித்தும் ஒருவர்கூடத் தொடவில்லை.

சரி, தோற்ற அணியின் பிட்சர் (பந்தெறிபவர்) ஹார்வி ஹாடிக்ஸின் வரிக்கு வருவோம். ஐ.பி. (பந்தெறிந்த இன்னிங்ஸ்) 12.2, ஹிட் 1, ரன் 1, ஈ.ஆர். (பிட்சர் கணக்கில் ஏறும் ரன்) 0. அதிகம் பேர் சறுக்குவது அந்த 12.2-இல். ஓவர் கணக்குப்போலத்தான்: 12 இன்னிங்ஸ், அதற்கு மேல் 2 அவுட். ஓர் இன்னிங்ஸுக்கு மூன்றே அவுட் என்பதால் .2 என்றால் மூன்றில் இரண்டு பங்கு. 6.2-உம் 5.2-உம் சேர்ந்தால் 12.1; நான் ஸ்ப்ரெட்ஷீட்டில் அப்படியே கூட்டி 11.4 என்று எழுதி வைத்திருந்த காலம் உண்டு. 6.2 இன்னிங்ஸில் 3 ஈ.ஆர். கொடுத்தவரின் ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ஈ.ஆர். என்ற சராசரி) 4.05. தசமமாக நினைத்து வகுத்தால் 4.35 வரும். (கிரிக்கெட் வாடை அடிப்பதில் ஆச்சரியமில்லை. பாக்ஸ் ஸ்கோருக்கு உருவம் கொடுத்த ஹென்றி சாட்விக் இங்கிலாந்தில் பிறந்தவர், கிரிக்கெட் செய்தியும் எழுதியவர்.)

ரன் 1, ஈ.ஆர். 0 எப்படி? ஹாடிக்ஸ் 12 இன்னிங்ஸ் வரை ஒருவரையும் பேஸ் ஏற விடவில்லை. 13-இல் பிட்ஸ்பர்க் ஃபீல்டர் டான் ஹோக் பந்தைத் தப்பாக எறிய, மில்வாக்கியின் மாண்டியா முதல் பேஸில் ஏறிக்கொண்டார். அது எரர், அதனால் வந்த ரன் பிட்சர் தலையில் ஏறாது. அப்புறம் மாத்யூஸ் தன்னை அவுட்டாக்கிக்கொண்டு அவரை இரண்டாம் பேஸுக்கு நகர்த்தினார் (இதுதான் தியாக ஆட்டம்). ஹாங்க் ஆரனுக்கு அடிக்க வாய்ப்பே தராமல், வேண்டுமென்றே முதல் பேஸுக்கு நடக்கவிட்டார்கள். அடுத்து வந்த அட்காக் பந்தை வேலிக்கு மேலே அனுப்பினார். ஆட்டம் முடிந்தது என்று ஆரன் பாதியிலேயே ஓட்டத்தை விட்டுவிட, அட்காக் அவரைத் தாண்டி ஓடி அவுட்டானார். ஹோம் ரன் டபுளாகச் (இரண்டு பேஸ் அடியாக) சுருங்கியது, மாண்டியாவின் ரன் மட்டும் நின்றது, ஸ்கோர் 1-0. 12.2-இல் இருக்கும் அந்த 2, மாத்யூஸும் அட்காக்கும்தான்.

இதே நான்கு பேரை வைத்து ஏ.பி. (அட் பேட்) பத்தியையும் பார்த்துவிடலாம். எத்தனை முறை மட்டையோடு வந்தார் என்ற கணக்கு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. தியாக ஆட்டமும் நடையும் ஏ.பி.யில் சேராது, ஆகவே மாத்யூஸுக்கும் ஆரனுக்கும் இங்கே பூஜ்யம். எரரில் பேஸ் ஏறிய மாண்டியாவுக்கோ ஏ.பி. 1, ஹிட் 0. ரன் எடுத்தவருக்கு பேட்டிங் சராசரி இறங்குகிறது!

எரர் 0 என்றிருந்தால் ஃபீல்டிங் பிரமாதம் என்றும் சொல்லிவிடாதீர்கள். மெதுவாக ஓடி பந்தை எட்டாமலே விட்டவர் கணக்கில் எரர் விழாது. எதிரணிக்கு ஹிட் விழும்.

கடைசியாக, பிட்சர் பெயருக்குப் பக்கத்தில் வரும் வெற்றி, தோல்வி எழுத்து. 12 ஹிட் கொடுத்த மில்வாக்கி பிட்சர் லூ பர்டெட்டுக்கு வெற்றி, ஒரே ஒரு ஹிட் கொடுத்த ஹாடிக்ஸுக்குத் தோல்வி.