ஹெர்குலிஸ் வண்டு சிறுத்துப்போவது ஏன்?

நம்மூரில் காண்டாமிருக வண்டு என்றாலே தென்னங்குருத்தைத் துளைக்கிற எதிரிதான். ஜப்பானில் அதன் உறவுக்கார வண்டுகளை வீட்டுக்குள் டப்பாவில் வைத்துச் சீராட்டி வளர்க்கிறார்கள். 1999-இல் வெளிநாட்டு வண்டுகளுக்கான இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்ததிலிருந்து, கரீபியன் தீவான குவாடலூப்பின் ஹெர்குலிஸ் வண்டுதான் அங்கே பலருடைய ஆசை. கொம்போடு சேர்த்து 17 செ.மீ. தாண்டும் ஆண் வண்டுகள் உண்டு. ஆனால் புதிதாக வளர்க்கிறவர்கள் பலருக்கு 12, 13 செ.மீ.யோடு நின்றுவிடுகிறது.

வண்டு கூட்டை விட்டு வந்த பிறகு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது, அதற்குத் தின்னக் கொடுக்கும் ஜெல்லியை எவ்வளவு வைத்தாலும் சரி. புழுவாக இருக்கும்போது தின்று சேர்த்த எடைதான் பின்னால் உடம்பும் கொம்பும் ஆகிறது. நன்றாக வளர்ந்த ஆண் புழு 100 கிராமைத் தாண்டும். உள்ளங்கையை நிறைத்துக்கொண்டு கனமாகக் கிடக்கும். அந்த எடை சேர ஒன்றரை வருடம்கூட ஆகலாம்.

முதல் தவறு சாப்பாட்டில். புழு தின்பது நொதிக்கவைத்த மரத்தூள். வளர்ப்பவர்கள் 'மாட்' என்பார்கள். அகன்ற இலை மரத்தின் தூளாக இருக்க வேண்டும், பைன், தேவதாரு ஆகாது. கடைப் பையைப் பிரித்து அப்படியே டப்பாவில் கொட்டுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் பல புழுக்கள் சாகின்றன. ஈரம் பட்டதும் மாட் மறுபடி நொதிக்கத் தொடங்கும். சூடு ஏறும், காற்று குறையும். உள்ளே கையை விட்டால் வெதுவெதுப்பும் புளித்த வாடையும் தெரியும். சில நாள் பரப்பி வைத்து, தினமும் கிளறி, நல்ல மண்வாசனை வந்த பிறகே புழுவை விடுங்கள். ஈரப்பதத்துக்கு ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்தால் போதும்: உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. புழு மேலே வந்து கிடந்தால் முதலில் மாட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அப்புறம் வெப்பம். 20 முதல் 25 டிகிரிக்குள் வையுங்கள். சூட்டில் புழு சீக்கிரம் முதிர்ந்து சின்ன வண்டாகிவிடும். 30-ஐத் தொட்டால் உயிருக்கே ஆபத்து.

ஆசை தாங்காமல் வாராவாரம் தோண்டி எடை பார்ப்பது இன்னொன்று. ஒவ்வொரு முறையும் புழு தின்பதை நிறுத்திவிட்டுப் புதிதாக வழி குடைய வேண்டியிருக்கிறது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, புழுக்கை நிறைந்து மாட் மாற்றும்போது நிறுத்துப் பார்த்தால் போதும். பழைய மாட்டில் கொஞ்சம் புதியதோடு கலந்துவிடுங்கள். ஒரே டப்பாவில் இரண்டு பெரிய புழுக்களை விட்டால் கடித்துக்கொள்ளும்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது கடைசிக் கட்டம். புழு மஞ்சளாகித் தோல் சுருங்கினால், கூடு கட்டப் போகிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு மாட் மாற்றவே கூடாது. சுவரை அழுத்தி வழவழப்பாக்கி, படுக்கைவாட்டில் நீளமான அறை ஒன்றை அது செய்துகொள்ளும். டப்பா குட்டையாக இருந்தால் அறையும் குட்டை. ஒன்றரை வருடம் சேர்த்த கொம்பு வளைந்தே வரும். அறை தற்செயலாக உடைந்துவிட்டால், பூ அலங்காரத்துக்குப் பயன்படுத்தும் பச்சை ஸ்பாஞ்சை நனைத்து, அதே அளவில் குடைந்து, கூட்டுப்புழுவை மல்லாக்கப் படுக்கவையுங்கள். தோலுரிக்கும்போது மேலிறக்கை வெள்ளையாக, ஈரத் துணிபோல இருக்கும். அந்த நேரத்தில் விரல் பட்டால் விழும் சுருக்கம் கடைசிவரை போகாது.

வெளிவந்த உடனே ஜோடி சேர்க்க அவசரப்படாதீர்கள். தானாக ஜெல்லி தின்னத் தொடங்கி, இன்னும் சில வாரம் போகட்டும். பெண் பெரும்பாலும் ஆணைவிட மாதக்கணக்கில் முந்தி வெளிவந்துவிடும் என்பதால், ஒரே ஒரு ஜோடிப் புழுவை நம்பி இறங்கினால் ஆண் தயாராவதற்குள் பெண்ணுக்கு வயதாகிவிடும். இணை சேர்ந்ததும் ஆணைப் பிரித்துவிடுங்கள், அது கொம்பால் பெண்ணை நசுக்கிக் கொன்றுவிடக்கூடும்.

முட்டை அதிகம் பொரித்துச் சமாளிக்க முடியாமல் போனால், புழுக்களை வேறு வளர்ப்பவரிடம் கொடுங்கள். எக்காரணம் கொண்டும் பக்கத்துக் காட்டிலோ தோப்பிலோ விட்டுவிடாதீர்கள். அங்கே இருக்கும் உள்ளூர் வண்டுகள் பாவம்.